மருந்தே நஞ்சான கலைஞர்: வாலஸ் ரீட்

பேசாப்படக் காலத்து நாயகர்களுள் இன்று பெயரளவிலும் நினைக்கப்படாதோர் பலர். வாலஸ் ரீட் அவர்களுள் ஒருவர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கத் திரையரங்குகளில் அவருடைய முகத்திற்குச் சேர்ந்த கூட்டம் மிகச் சிலருக்கே சேர்ந்தது. 31 வயதில் அவர் மறைந்தார். போதை மருந்துக்கு அடிமையாகி இறந்த நடிகர் என்னும் ஒற்றை வரியில் அவர் வாழ்வை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வரி பொய்யன்று, ஆயினும் அம்மருந்து அவரிடம் எவ்வழி வந்தது என்பதை அது சொல்லாமல் விடுகிறது.

1891 ஏப்ரல் 15 அன்று மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஹால் ரீட் நாடக ஆசிரியர், நடிகர், தாயும் நடிகையே. மேடையின் மணம் தொட்டிலிலேயே பழகிய பிள்ளை. பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கழிந்தது. எனினும் அவர் கை துப்பாக்கியைக் காட்டிலும் பியானோவையும் வயலினையுமே நாடியது. 1910இல் படத்துறைக்குள் வந்தபோது அவர் விரும்பியது நடிப்பை அன்று. படக்கருவிக்குப் பின்னே நிற்கவே விரும்பினார். கதை எழுதினார், படங்களை இயக்கினார். ஆயினும் ஆறடி உயரமும் எழிலார்ந்த முகமும் கொண்ட இளைஞரைக் கருவிக்குப் பின்னே விட்டுவைக்கப் படமுதலாளிகளுக்கு மனம் வரவில்லை. 1913இல், நடிகர் குடும்பத்தில் பிறந்தவரும் தம்முடன் நடித்தவருமான டோரதி டேவன்போர்ட்டை மணந்தார்.

1915இல் கிரிஃபித் இயக்கிய தி பர்த் ஆஃப் எ நேஷன் என்னும் படத்தில் கொல்லன் ஒருவனாகச் சண்டைக் காட்சியில் தோன்றினார். கறுப்பின மக்களை இழிவுபடுத்திய அப்படமே அவருக்கு ஏணியானது என்பதையும் மறைப்பதற்கில்லை. அச்சிறு வேடத்தைக் கண்ட ஜெசி லாஸ்கி அவரைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டே செசில் பி. டிமில்லின் கார்மென் படத்தில், புகழ்பெற்ற இசைநாடகப் பாடகி ஜெரால்டின் ஃபாரருக்கு இணையாக நடித்தார். பின்னர் வந்த கார்ப் பந்தயப் படங்கள் அவரை நாடறிந்த நாயகராக்கின. சிரித்த முகத்துடன் வேகமாகக் கார் ஓட்டும் இளைஞன் என்னும் வடிவத்தில் அவரை வார்த்தபின், அதிலிருந்து வெளியேற அவர்கள் அவரை எளிதில் விடவில்லை.

1919இல் தி வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ் படத்திற்காக வட கலிபோர்னியக் காடுகளை நோக்கிப் படக்குழு சென்றபோது, அர்காட்டா என்னும் ஊருக்கு அருகே இரயில் விபத்துக்குள்ளாயிற்று. ரீடின் தலையில் காயம். தையல் போட வேண்டியிருந்தது. காயம்பட்டவருக்கு ஓய்வு தருவதே இயல்பு. ஆனால் படப்பிடிப்பு நிற்கக் கூடாது. வலி தெரியாமல் நடிப்பதற்காக மார்பின் கொடுக்கப்பட்டது. இன்பம் தேடிப் போதையை நாடிய கதையன்று இது. வேலை தடைப்படாதிருக்க ஏறிய மருந்து.

இதில் கொடிய முரண் ஒன்று உண்டு. 1914இல் இயற்றப்பட்ட ஹாரிசன் சட்டம் அபினி வகை மருந்துகளைக் கட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. ரீட் காயமுற்ற அதே 1919இல், அடிமைப்பட்டவரின் பழக்கம் தொடர்வதற்கென்றே மருத்துவர் அம்மருந்தை எழுதிக்கொடுப்பது முறையான மருத்துவம் ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயத்திற்கு மருந்து தரலாம். அம்மருந்தே நோயானபின் நோயாளி சட்டத்திற்குப் புறம்பானவர். அவர் வெளியே சொல்ல அஞ்சியதில் வியப்பில்லை. மதுவும் சேர்ந்துகொண்டது. உடல் தளர்ந்தது, படங்களோ குறையவில்லை. 1922இல் மட்டும் ஏழு படங்களுக்குக் குறையாமல் வெளிவந்தன. ஒரு நலிந்த மனிதரிடமிருந்து ஓராண்டில் பிழிந்தெடுத்த உழைப்பு இது!

அவ்வாண்டின் இறுதியில் அவர் மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார். ஆர்பக்கிள் வழக்காலும் இயக்குநர் டெய்லரின் கொலையாலும் ஹாலிவுட்டின் பெயர் கெட்டிருந்த நேரம் அது. மூடி மறைப்பதே எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். டோரதி மறைக்கவில்லை. 1922 டிசம்பரில், தம் கணவர் மார்பினுக்கு அடிமைப்பட்டு அதிலிருந்து மீளப் போராடுகிறார் என்பதைச் செய்தித்தாள்களுக்கு அவரே வெளிப்படையாக அறிவித்தார். உண்மையை இவ்வாறு ஊரறியச் சொன்ன துணிவு அக்காலத்தில் அரிதினும் அரிது. ஆனால் மருந்தை விட்ட உடல் தேறவில்லை. 1923 ஜனவரி 18 அன்று ரீட் உயிர் துறந்தார். டோரதியிடம் எஞ்சியவர்கள் சிறுவனான மகனும் வளர்ப்பு மகளும்.

அழுது அடங்கிவிடவில்லை அவர். அவ்வாண்டே ஹியூமன் ரெக்கேஜ் என்னும் படத்தை உருவாக்கி அதில் தாமும் நடித்தார். அடிமைப்பட்டவர் குற்றவாளியல்லர், நோயாளி என்பதே அப்படம் முன்வைத்த வழக்கு. படத்தோடு ஊர் ஊராகச் சென்று பேசவும் செய்தார். பிரிட்டனின் தணிக்கையினர் அதற்கு அனுமதி மறுத்தனர். தம் சொந்தப் பெயரை விடுத்துத் திருமதி வாலஸ் ரீட் என்றே தொடர்ந்து படங்களைத் தயாரித்தும் இயக்கியும் வந்த டோரதி, 1977இல் மறைந்தார்.

ஹியூமன் ரெக்கேஜின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. எந்தப் படத்திற்காக ரீடின் உடலில் மார்பின் ஏறியதோ, அந்த வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸும் அமெரிக்காவில் காணாமற் போயிருந்தது. அது ரஷ்யப் படக் காப்பகத்தில் பிழைத்திருந்தது. 2010இல் ரஷ்யா அதன் படியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்தது. அதில் அவர் இன்னும் வலி தெரியாமல் நடித்துக்கொண்டிருக்கிறார்.