இமயமலை வளையும் இடம்: டி. என். வாடியாவின் கதை

கூகுள் மேப்ஸ்ல இமயமலையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க. கிழக்கே அருணாச்சலப் பிரதேசத்தில் ஆரம்பித்து ஒரு வில் மாதிரி மேற்கே போகும் மலைத்தொடர், காஷ்மீரைத் தாண்டி நங்க பர்பத் சிகரம் பக்கம் வந்ததும் சட்டென்று தெற்கே மடங்கிடும். மலைப்பாதையில் வரும் கொண்டை ஊசி வளைவு மாதிரிதான். ஆனால் இங்கே வளைந்திருப்பது ரோடு இல்லை, மலைத்தொடரே வளைந்திருக்கு.

ஏன் அப்படி வளைந்தது என்று நடந்தே போய்க் கண்டுபிடித்தவர் தாராஷா நோஷர்வான் வாடியா. ஜியாலஜி படிக்கிறவங்களுக்கு டி. என். வாடியா என்றால் உடனே தெரியும். மத்தவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வாடியா பிறந்தது 1883-ல், குஜராத்தின் சூரத் நகரில், ஒரு பார்சி குடும்பத்தில். பழைய காலத்தில் கப்பல் கட்டுவதில் பேர் வாங்கிய வாடியா பரம்பரையின் ஒரு கிளை அது. படித்தது பரோடா கல்லூரியில். தாவரவியல், விலங்கியல், அப்புறம் நிலவியல் என்று எல்லாம் கலந்த படிப்பு. அன்றைக்கு இந்தியாவில் நிலவியல் சொல்லித் தந்த கல்லூரிகளே ரொம்பக் குறைவு. அதனால் பெரும்பகுதியை அவரே தேடித்தான் கற்றுக்கொண்டார்.

1907-ல் ஜம்முவில் இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்றைக்கு அதன் பெயர் காந்தி மெமோரியல் சயின்ஸ் காலேஜ். பெரிய ஆராய்ச்சிக் கூடமோ ஃபண்டிங்கோ கிடையாது. ஆனால் ஜம்மு நகரமே சிவாலிக் குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கு. அதுக்குப் பின்னாடி பீர் பஞ்சால் மலை, அதையும் தாண்டினால் காஷ்மீர் பள்ளத்தாக்கு. லீவு விட்டால் போதும், வாடியா மலை ஏறிடுவார். கல்லும் கனிமமும் புதைபடிவமும் சேகரித்துக் கொண்டு வந்து வகுப்பில் காட்டுவார். அந்த வேலையில் 14 வருஷம் இருந்தார்.

அப்போ அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. மாணவர்கள் கையில் கொடுக்க இந்திய நிலவியலுக்கு என்று அளவான ஒரு டெக்ஸ்ட்புக் கிடையாது. இருந்த தகவல் எல்லாம் அரசு அறிக்கைகளிலும் தடிதடி தொகுப்புகளிலும் சிதறிக் கிடந்தது. அதனால் அவரே உட்கார்ந்து எழுதினார். மாணவர்களுக்கான இந்திய நிலவியல் என்ற அந்தப் புத்தகம் 1919-ல் லண்டனில் அச்சானது. அதைத் திருத்தித் திருத்தி அவர் பல பதிப்புகள் கொண்டு வந்தார். பல தலைமுறை இந்திய மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

1921-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போ வயசு 38. பிரிட்டிஷ் அதிகாரிகள் நிறைந்த அந்தத் துறையில், வெளிநாட்டு டிகிரி எதுவும் இல்லாத ஓர் இந்தியர் அந்தப் பதவிக்கு வருவது அபூர்வம். ஃபைனல் இயர்லயே ப்ளேஸ்மென்ட் ஆகலைன்னா வாழ்க்கையே போச்சுன்னு நினைக்கிற நமக்கு இந்த 38 என்ற எண் கொஞ்சம் மூச்சு விட இடம் தருது.

துறை அவரை அவருக்குப் பழகிய வடமேற்கு இமயத்துக்கே அனுப்பியது. பூஞ்ச், ஹசாரா, காஷ்மீர், கில்கித் பக்கம் என்று வருஷக்கணக்காகக் கால்நடையாகச் சுற்றி வரைபடம் போட்டார். சாட்டிலைட் படம் இல்லை, ஜிபிஎஸ் இல்லை. பாறை எந்தத் திசையில் ஓடுது, எவ்வளவு சாய்ந்திருக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று அளந்து குறிக்கணும்.

கிடைத்த புதைபடிவங்களும் சாதாரணம் இல்லை. ஜம்மு பக்கத்து சிவாலிக் பாறைகளில் ஸ்டெகோடான் கணேசா என்ற அழிந்துபோன யானை இனத்தின் மண்டையோடும் தந்தமும் கிடைத்தது. தந்தத்தின் நீளம் மட்டும் சுமார் 3 மீட்டர். காஷ்மீரின் விஹி பகுதியில் ஆக்டினோடான் என்ற மிகப் பழைய நீர்நில வாழ்வியின் புதைபடிவம் கிடைத்தது. 1928-ல் ஸ்விண்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளரோடு சேர்ந்து அதைப் புது இனம் என்று வெளியிட்டார்.

இந்த இரண்டாவது படிவம் முக்கியம். அது இருந்தது கோண்ட்வானா காலப் பாறையில், அதாவது இந்தியத் தீபகற்பத்தில் நிலக்கரி இருக்கும் அதே பாறைக் குடும்பத்தில். காஷ்மீரில் அதுக்கு மேலே கடல் உயிரிகளின் படிவங்கள் நிறைந்த அடுக்குகள் வருது. அப்படின்னா பழைய இந்திய நிலத்தின் விளிம்பு ஒரு காலத்தில் காஷ்மீர் வரைக்கும் நீண்டிருந்தது, அப்புறம் டெதிஸ் என்ற கடல் அதன் மேல் ஏறியிருக்கு.

இப்போ அந்த வளைவுக்கு வருவோம். நிலவியலில் இதுக்கு சின்டாக்சிஸ் என்று பேர். நம்ம கோடிங்ல வர்ற சின்டாக்ஸ் இல்லை! மலை மடிப்புகள் ஒரு முனையில் வந்து குவிந்து வளைவது. இமயமலையும் மேற்கே இருக்கும் மலைகளும் இரண்டு தனித்தனி மலைத்தொடர்கள், அவை இங்கே வந்து சந்திக்குது என்ற கருத்து அதுக்கு முன்னாடி இருந்தது. வாடியா வளைவின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். கிழக்குப் பக்கம் இருந்த அதே பாறை வரிசை, வளைவைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமும் வந்தது. ஒரு பாறைத் தொகுதி இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும் பெரிய முறிவுகள்கூட அதே மாதிரி வளைந்துதான் போனது. அதனால் இது இரண்டு மலை இல்லை, ஒரே மலைதான்.

அப்புறம் ஏன் வளையணும்? 1931-ல் வந்த கட்டுரையில் அவர் தந்த விளக்கம் எளிமையானது. தரையில் ஒரு கல் நீட்டிக்கிட்டு இருக்கு, அதை நோக்கி ஒரு ஜமக்காளத்தைத் தள்ளுறீங்கன்னு வைங்க. மடிப்பு கல்லில் முட்டி நின்று, இரண்டு பக்கமும் அதைச் சுற்றி வளையும். அதே மாதிரி இந்திய நிலத்தின் பழைய, கெட்டியான பாறை ஒரு நாக்கு போல வடக்கே நீட்டிக்கொண்டு இருந்தது. டெதிஸ் கடலின் படிவுகள் மடிந்து மலையாக எழும்பும்போது, அந்த நாக்கைச் சுற்றி வளைய வேண்டியதாயிற்று.

கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றது 1960-களின் கடைசியில்தான். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது என்று இன்றைக்கு நாம பள்ளியிலேயே படிக்கிறோம். வாடியா அந்த முழுக் கதையையும் சொல்லவில்லை. ஆனால் வளைவின் வடிவத்தையும், தடையாக நின்றது இந்திய நிலம்தான் என்பதையும் அதுக்கு 30 வருஷத்துக்கும் மேல முன்னாடியே வரைபடத்தில் காட்டிட்டார். கொள்கை பின்னாடி வந்தது, களத்தில் எடுத்த அளவுகள் முன்னாடியே தயாரா இருந்தது.

1938-ல் துறையிலிருந்து ஓய்வு. உடனே இலங்கை அரசின் கனிமவியலாளர் பதவி. அந்தத் தீவு கடற்கரையிலிருந்து நடு மலைநாடு வரை மூன்று பெரிய படிகளாக உயர்வதை ஆராய்ந்து, நிலம் கட்டம் கட்டமாக மேலே தள்ளப்பட்டதே காரணம் என்று எழுதினார். 1944-ல் இந்தியா திரும்பி அரசின் நிலவியல் ஆலோசகர் ஆனார். சுதந்திரத்துக்குப் பிறகு அணுசக்திக்குத் தேவையான கனிமங்களைத் தேடும் பணி அவர் தலைமையில் வந்தது. 1957-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1958-ல் பத்மபூஷண்.

இமயமலைக்கு என்றே தனி ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1968-ல் அது டெல்லியில் சின்னதாகத் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜூன் 15-ல், 85 வயதில் அவர் இறந்தார். 1976-ல் டேராடூனுக்கு மாறிய அந்த நிறுவனம்தான் இன்றைய வாடியா இமாலய நிலவியல் ஆய்வு நிறுவனம்.

இந்த வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த ஜம்மு வருஷங்கள்தான். பேரும் பதவியும் வராத 14 வருஷம். நல்ல லேப் வரட்டும் என்று அவர் காத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. காலேஜ் வாசலிலேயே மலை இருந்தது. அவர் ஏறிட்டார்.