பிச்சைக்காரர்களின் சாட்சியம்: மிகுவேல் ஏஞ்சல் அஸ்துரியாஸ்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவை 1898 முதல் 1920 வரை ஆட்டிப்படைத்தவர் சர்வாதிகாரி எஸ்ட்ராடா கப்ரேரா. அவரது ஆட்சியிலேயே, 1899 ஒக்டோபர் 19ஆம் திகதி, மிகுவேல் ஏஞ்சல் அஸ்துரியாஸ் பிறந்தார். நீதிபதியான தந்தை ஆட்சியாளரின் அதிருப்திக்கு ஆளாகிப் பதவியிழந்ததால், குடும்பம் தலைநகரை விட்டு சலமா என்ற சிறு நகருக்கு இடம்பெயர்ந்தது. அச்சம் என்பது என்னவென்பதை அவர் சிறுவயதிலேயே வீட்டுக்குள் கண்டார்.

சட்டம் பயின்ற அஸ்துரியாஸ், 1920களில் பாரிஸ் சென்று மாயா மக்களின் தொன்மங்களைக் கற்றார். முன்னர் பிச்சைக்காரர்களைப் பற்றி எழுதிய சிறுகதையொன்றை அங்கேயே நாவலாக வளர்த்தார். அதுவே 'ஜனாதிபதி அவர்கள்' எனப் பொருள்படும் 'எல் சென்யோர் பிரெசிதெந்தே'.

தேவாலய வாசலில் படுத்துறங்கும் பிச்சைக்காரர்களுடன் நாவல் தொடங்குகிறது. சித்தம் கலங்கிய ஒருவன் கேணல் ஒருவரைக் கொன்றுவிடுகிறான். ஜனாதிபதியோ பழியைத் தமக்கு வேண்டாத ஜெனரல் ஒருவர் மீதும் சட்டத்தரணி ஒருவர் மீதும் சுமத்தத் தீர்மானிக்கிறார். அதற்குரிய பொய்ச் சாட்சியம் பிச்சைக்காரர்களிடமிருந்து சித்திரவதை மூலம் பெறப்படுகிறது. இறுதிவரை உண்மையையே சொன்ன பார்வையற்ற, கால்களற்ற பிச்சைக்காரன் உயிரிழக்கிறான். குற்றமற்ற பெண்ணொருத்தியை இராணுவ நீதி அதிகாரியே விபசார விடுதிக்கு விற்றுப் பணம் பெறுகிறார். ஏமாற்றி நிலம் பறிக்கப்பட்ட பூர்வகுடி விவசாயியும் நாவலில் வருகிறார். மேலிருக்கும் ஒருவரின் விருப்பமே சட்டமாகும்போது, கீழுள்ள ஒவ்வோர் அதிகாரியும் தன் பங்குக்குக் கொள்ளையடிக்கிறான் என்பதே இந்நாவல் உணர்த்தும் உண்மை.

1933இல் அவர் நாடு திரும்பியபோது ஹோர்ஹே உபிக்கோ என்ற இன்னொரு சர்வாதிகாரி ஆட்சியிலிருந்தார். நாவலை வெளியிட இயலவில்லை. 1942இல் அந்த ஆட்சியின் சட்டசபையில் அஸ்துரியாஸ் உறுப்பினராகவும் அமர்ந்தார். அச்சத்தைச் சித்திரித்தவரும் அச்சத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்கவில்லை. 1944இல் உபிக்கோ வீழ்ந்த பின்னர், 1946இல் மெக்சிக்கோவிலேயே நாவல் அச்சேறியது.

1954இல் ஜனநாயக அரசு கவிழ்க்கப்பட்டதும் அஸ்துரியாஸ் பிரஜாவுரிமையை இழந்து நாடு கடந்து வாழ்ந்தார். 1967இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1974 ஜூன் 9ஆம் திகதி மட்ரிட் நகரில் காலமானார். அவரது மகன் ரொட்ரிகோ, தந்தையின் 'சோள மனிதர்கள்' நாவலில் வரும் காஸ்பார் இலோம் என்ற பூர்வகுடித் தலைவனின் பெயரைச் சூடிக் கெரில்லா இயக்கமொன்றுக்குத் தலைமை தாங்கினார்.

சர்வாதிகாரிகள் இருவரும் போய்விட்டனர். உண்மையைச் சொல்லி மாண்ட அந்தப் பிச்சைக்காரன் மாத்திரம் இன்றும் சாட்சியாக நிற்கிறான்.