டாக்டர் ஜோஸப் ஆர்னல்டு

சுமத்ராத் தீவின் அடர்காடுகளிற் பூக்கும் ரப்ளீசியாவே தனிமலர்களுள் மிகப் பெரியது என்பதைத் தாவர நூல் பயிலும் நண்பர்கள் நன்கறிவர். அதன் முழுப்பெயர் ரப்ளீசியா ஆர்னல்டி. அப்பெயரின் பின்பாதிக்குரியவராகிய ஜோஸப் ஆர்னல்டு, மலரைக் கண்டபின் உயிர்வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டு மாதமே. தாம் கண்டது இன்னதென்று தெளியுமுன்னரே அவர் மறைந்தார்.

இங்கிலாந்தில் ஸபோக் பகுதியைச் சேர்ந்த பெக்கிள்ஸ் என்னும் ஊரில் 1782-ஆம் ஆண்டு பிறந்த ஆர்னல்டு, எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றுக் கடற்படை வைத்தியராய் அமர்ந்தார். 1815-இல் குற்றவாளிகளை ஏற்றிச்சென்ற கப்பலொன்றில் வைத்தியராக ஆஸ்திரேலியாவுக்குப் போய் மீளுங்கால், அவர் வந்த கப்பல் பத்தேவியாத் துறைமுகத்தில் தீப்பற்றியது. அரிதின் முயன்று சேர்த்தவற்றுட் பலவும் சாம்பலாயின. அந்நிலையில் அவரை விருந்தினராய் ஏற்றவர், அக்காலத்தில் சாவகத்தீவின் ஆட்சியிலிருந்த ஸ்டாம்பர்டு ராபிள்ஸ். பின்னர் ராபிள்ஸ் சுமத்ராவின் பெங்கூலனுக்குத் தலைவராய்ச் சென்றபோது, ஸர் ஜோஸப் பாங்க்ஸின் பரிந்துரையால் ஆர்னல்டும் இயற்கைப் பொருளாராய்ச்சியாளராக உடன்சென்றார்.

1818-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபிள்ஸும் அவர் மனைவியாரும் உள்நாட்டுப் பயணம் புறப்பட்டனர். ஆர்னல்டும் அக்கூட்டத்தில் இருந்தார். மன்னா ஆற்றங்கரையிலுள்ள புலோ லெப்பார் என்னுமிடத்தில் அவர் சற்றுப் பிரிந்து நடந்துகொண்டிருக்கையில், மலாய்ப் பணியாள் ஒருவன் வியப்பால் விரிந்த கண்களோடு ஓடிவந்து அழைத்தான். அவன் பின்னே காட்டினுள் ஏறக்குறைய 100 கெஜதூரம் சென்றதும், புதர்களின் கீழே தரையையொட்டி அம்மலர் கிடந்தது. இலையில்லை, தண்டுமில்லை. இரண்டு விரற்பருமனுள்ள வேரொன்றின்மேல் அது ஒட்டியிருந்தது. பணியாளின் வெட்டுக்கத்தியை வாங்கி அறுத்தெடுத்துக் குடிசைக்குக் கொண்டுவந்தார்.

செங்கல் நிறத்தில் வெண்மஞ்சட் புள்ளிகள் நிரம்பிய ஐந்து பேரிதழ்கள். குறுக்களவு ஒரு கெஜம். எடை 15 இராத்தல். நடுவிலுள்ள குழி 12 பைண்ட் நீர் கொள்ளுமென மதித்தார். வாடையோ கெடத்தொடங்கிய மாட்டிறைச்சியின் நாற்றம்! குழியின் வாயில் மொய்த்த ஈக்கள் முட்டையிட வந்தனபோலும் என்று எழுதிவைத்தார். அந்நாற்றத்தால் ஏமாந்து வரும் ஈக்களே மகரந்தத்தைச் சுமந்துசெல்கின்றன என்பது இன்று தெளிவு. உடன்கண்டோர் இல்லாதிருப்பின் இவ்வளவுகளை வெளியிடவே அஞ்சியிருப்பேன் என்ற கருத்தையும் அவர் மறையாது குறித்துள்ளார். இவ்வொப்புதலே அவரிடம் எனக்கு மதிப்பை மிகுவித்தது. பெருமிதத்தோடு பறைசாற்ற வேண்டிய வேளையில், பிறர் நம்புவரோ என்று கூசினார் அவர்.

குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்கள் சிலவற்றை இன்ன செடியின் பூவென்று துணியமாட்டாது தமிழ் மாணவர்களாகிய நாங்கள் இடர்ப்படுவதுண்டு. எங்களிடம் பெயர் இருக்கிறது, பூவைக் காணோம். ஆர்னல்டுக்கோ பூ கையிலிருந்தது. அதனை எக்குடும்பத்திற் சேர்ப்பது என்பதே புலப்படவில்லை. அவ்வூரார் அதனைப் பேயின் வெற்றிலைப் பெட்டி என்று வழங்கினராம்!

முழுமலரையும் கெடாது காக்க இயலாமையால், நடுப்பகுதியும் அரும்புகளும் சாராயத்தில் இடப்பெற்றன. ஆர்னல்டு வண்ணப்படம் வரையத் தொடங்கினார். நண்பரொருவர்க்குக் கடிதமும் எழுதத் தொடங்கினார். இரண்டும் முடியவில்லை. காய்ச்சல் கண்டு, ஜூலை மாதத்தில் பாடாங் நகரில் உயிர்நீத்தார், வயது 35. படத்தையும் கடிதத்தையும் ராபிள்ஸ் குடும்பத்தாரே நிறைவாக்கி, அரும்பு முதலியவற்றோடு பாங்க்ஸுக்கு அனுப்பினர்.

அவற்றை ஆராய்ந்தவர் ராபர்ட் பிரௌன். 1820 ஜூனில் லண்டன் லின்னேயச் சங்கத்தில் அவர் தமது முடிவுகளை வெளியிட்டார். இம்மலர், நம் பிரண்டைக்கு உறவான காட்டுக்கொடியின் வேரில் ஒட்டுண்டு வாழும் புதிய இனம். எனவேதான் இலையுந் தண்டும் அதற்கில்லை. கண்டவர் பெயரை முதலில் வைக்கக் கருதிய பிரௌன், ஆர்னல்டு இருந்திருப்பின் ராபிள்ஸின் பெயரையே விரும்பியிருப்பார் என்றெண்ணி இருவர் பெயரையும் இணைத்தார்.

ஆயினும் குடும்ப வழக்கு அத்துடன் தீரவில்லை. மலரின் மரபணுக்களை ஆராய்ந்து, 2007-ஆம் ஆண்டிலேயே அதன் சுற்றத்தார் யாவர் என்று கண்டனர். சின்னஞ்சிறு பூக்களையுடைய ஆமணக்கின் குடும்பமே அது!

இவ்வாறு ராபிள்ஸுக்கும் ஆர்னல்டுக்கும் மலரின் பெயரிற் பங்கு கிடைத்தது. முதலிற் கண்டு ஓடிவந்தவனோ அக்கடிதத்தில் மலாய்ப் பணியாள் என்ற அளவிலேயே நிற்கிறான்.