மலாக்கா நீரிணை வழியே சீனா சென்ற ஆசான்: வஜ்ரபோதியின் வாழ்க்கை

ஆயர் குரோ டோல் சாவடியைத் தாண்டி மலாக்கா நகருக்குள் போகும் நம்மவர்கள் பலர், ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் ஒரு கும்பிடு போடாமல் திரும்புவதில்லை. 1781-இல் எழுந்த அந்த ஆலயத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில் வந்துவிடும். அங்கே முதன்மைத் தெய்வம் குவான் யின்.

அந்தக் குவான் யின் சீனாவில் தோன்றிய தெய்வம் அல்ல. இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்று வணங்கப்பட்ட போதிசத்துவர்தான் சீனாவில் குவான் யின் ஆனார். அவர் உறையும் மலைக்குப் போதலகம் என்று பெயர். அது தென்னிந்தியாவில், மலய நாட்டின் எல்லையில் இருந்தது என்று பழைய சீன நூல் ஒன்று சொல்கிறது. அகத்தியரோடு நாம் சேர்த்துச் சொல்லும் பொதிகை மலையே அது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

அதே சீன நூல், அந்த மலைக்கு அருகிலுள்ள நாட்டில் பிறந்தவர் என்று ஓர் ஆசானைக் குறிப்பிடுகிறது. அவர்தான் வஜ்ரபோதி. தமிழில் வச்சிரபோதி என்றும் எழுதுவார்கள்.

காஞ்சியிலிருந்து சீனா போனவர் யார் என்று கேட்டால், ‘ஏழாம் அறிவு’ படம் பார்த்த பிள்ளைகள்கூட போதிதர்மர் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் போதிதர்மரின் வாழ்க்கையில் வரலாறு எது, கதை எது என்று பிரிப்பது கடினம். அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் சென்ற வஜ்ரபோதியின் நிலை வேறு. எந்த ஆண்டு எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எந்தக் கோயிலில் தங்கினார், யாருக்குப் பாடம் சொன்னார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அவரிடம் பாடம் கேட்ட சீன அதிகாரி ஒருவரே அவர் வரலாற்றை எழுதி வைத்தார்.

அவர் பிறந்தது 671-ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் இத்சிங் என்ற சீனத் துறவி குவாங்சோவ் துறைமுகத்தில் பாரசீகக் கப்பல் ஏறி, பலெம்பாங்கில் இருந்த ஸ்ரீவிஜயத்துக்கு வந்து, பின்னர் கெடா வழியாக இந்தியா சென்றார். ஒருவர் கற்றுக்கொள்ள இந்தியா புறப்பட்ட ஆண்டில், கற்றுக்கொடுக்கச் சீனா போகப்போகிறவர் பிறந்திருக்கிறார். இருவருக்கும் வழி ஒன்றுதான். அது நம் கடல் வழி.

காஞ்சியோடு இருந்த உறவு

வஜ்ரபோதியின் குடும்பத்தைப் பற்றி இரண்டு பழைய குறிப்புகள் உள்ளன. அவர் தந்தை பிராமணர், காஞ்சி மன்னருக்கு ஆசிரியராக இருந்தவர் என்கிறது ஒன்று. அவர் மத்திய இந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன், பல்லவ மன்னரின் படைத்தலைவர் அவரைச் சீனாவுக்கு அறிமுகம் செய்ததால் தென்னிந்தியர் என்றே அறியப்பட்டார் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் காஞ்சி வருகிறது.

பத்து வயதில் நாலந்தாவில் துறவு பூண்டு இலக்கணம் படித்தார். பதினைந்து வயதில் மேற்கிந்தியா சென்று தர்மகீர்த்தியின் தருக்க நூல்களை நான்கு ஆண்டுகள் கற்றார். இருபது வயதில் முழுத் துறவு பெற்றபின் விநயம், தத்துவம் என்று படிப்பு நீண்டது. முப்பத்தொரு வயதில் தெற்கே திரும்பி, நாகபோதி என்ற குருவிடம் ஏழு ஆண்டுகள் இருந்து மந்திர மரபைக் கற்றார்.

பிறகு பல்லவ நாட்டில் மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. மன்னர் அவரை அழைத்து மழைக்கு வேண்டச் சொன்னார். அந்த மன்னர் இரண்டாம் நரசிம்மவர்மன். ராஜசிம்மன் என்றால் பலருக்கும் தெரியும். காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் எழுப்பியவர். சிவனுக்குக் கற்றளி கட்டிய அதே மன்னர், இந்தப் பௌத்தத் துறவிக்கும் ஒரு கோயில் கட்டிக் கொடுத்துப் போற்றினார்.

அங்கிருந்து வஜ்ரபோதி எட்டு மாணவர்களுடன் இலங்கை போனார். அபயகிரி விகாரையில் தங்கினார், புத்தரின் பல்லை வணங்கினார், சிவனொளிபாத மலையிலும் ஏறினார். திரும்பி வந்ததும் மன்னரிடம் தம் விருப்பத்தைச் சொன்னார். சீனா சென்று மஞ்சுஸ்ரீ போதிசத்துவரை வழிபட வேண்டும், அங்கே அறத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதே அது. மன்னர் தம் படைத்தலைவர் ஒருவரையும், சீனப் பேரரசருக்குப் பரிசாக ஒரு பெரிய பௌத்த நூலையும் அவரோடு அனுப்பினார்.

ஐந்து மாதக் காத்திருப்பு

இலங்கைத் துறைமுகத்தில் மணி வாங்க வந்த 35 பாரசீகக் கப்பல்கள் நின்றன. அவற்றோடு சேர்ந்து புறப்பட்டு, ஒரு மாதத்தில் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார் வஜ்ரபோதி. இலங்கையிலிருந்து பலெம்பாங் போகும் கப்பல்களுக்கு இந்த நீரிணைதான் வழக்கமான பாதை. மலாக்கா என்ற ஊர் அப்போது உருவாகவில்லை. அதற்கு இன்னும் ஏறக்குறைய 700 ஆண்டுகள் இருந்தன.

ஸ்ரீவிஜயத்தில் அவர் ஐந்து மாதம் தங்க வேண்டியிருந்தது. காரணம் காற்று. பாய்மரக் கப்பல் சீனா போக வேண்டுமானால் தென்மேற்குப் பருவக்காற்று வீச வேண்டும். திரும்பி வர வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். இடையில் கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னாளில் மலாக்கா பெருந்துறைமுகம் ஆனதற்கும் இந்தக் காத்திருப்பே காரணம்.

காற்று மாறிப் புறப்பட்ட பின் புயல் வந்தது. சீனக் கரைக்கு இருபது நாள் தொலைவில் கப்பல்கள் சிதறின. அவர் இருந்த கப்பல் மட்டும் தப்பியது. அந்தப் புயலில் நேர்ந்த ஓர் இழப்பை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அவரிடம் வஜ்ரசேகரம் என்ற நூலின் விரிவான பிரதி ஒன்றும் சுருக்கப் பிரதி ஒன்றும் இருந்தன. பாரத்தைக் குறைக்க எல்லாவற்றையும் கடலில் வீசச் சொல்லிக் கப்பல் தலைவர் கட்டளையிட்டார். அந்த அவசரத்தில் விரிவான பிரதி கடலுக்குப் போய்விட்டது. எஞ்சியது சுருக்கப் பிரதி மட்டுமே. இதை அவரே மாணவரிடம் சொல்ல, மாணவர் எழுதி வைத்தார்.

வழி நெடுகத் தங்கியும் காத்திருந்தும் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 719-இல் குவாங்சோவ் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. அந்த ஊர் ஆளுநர் நூற்றுக்கணக்கான படகுகளை அனுப்பி அவரை வரவேற்றார்.

அயலூரில் பாடம்

அது தாங் வம்சத்தின் பொற்காலம். பேரரசர் சுவான்சோங் ஆண்டுகொண்டிருந்தார். சாங்ஆன், லுவோயாங் என்று இரண்டு தலைநகரங்கள் இருந்தன. இரண்டுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். பேரரசர் மாறிமாறித் தங்கியபோது ஆசானும் அரசவையோடு பயணம் செய்தார். போன இடத்திலெல்லாம் மண்டலம் அமைத்து மாணவர்களுக்குத் தீட்சை கொடுத்தார்.

சாங்ஆனில் அவர் பணியாற்றிய இடங்களில் ஒன்று சியன்ஃபு கோயில். சில ஆண்டுகளுக்கு முன் இத்சிங் தம் நூல்களை மொழிபெயர்த்ததும் அங்கேதான். இன்று சியான் நகருக்குச் சுற்றுலா போகும் மலேசியர்கள் படம் எடுத்துக்கொள்ளும் சிறு காட்டுவாத்துக் கோபுரம் அந்தக் கோயிலுடையது.

வஜ்ரபோதி தனியாக உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை. 723-இல் நடந்த வேலையை எடுத்துக்கொள்வோம். அவர் சமஸ்கிருத மூலத்தை விளக்கினார். சீன அரசுப் பணியில் இருந்த ஈசுவரர் என்ற கிழக்கிந்தியப் பிராமணர் அதைச் சீன மொழியில் சொன்னார். வென்கு என்ற சீனத் துறவி அதைக் கேட்டு எழுதினார். புதிய மொழிக்கு ஒரு நூல் போய்ச் சேர இத்தனை கைகள் தேவைப்பட்டன.

மாணவர்கள் தேடி வந்தார்கள். ஒருவர் யிஷிங். சீன வானியல் வரலாற்றில் பெரிய பெயர். 724-இல் நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் நிழலையும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையும் அளக்க ஏற்பாடு செய்தவர். இன்னொருவர் கொரியாவின் சில்லா நாட்டிலிருந்து வந்த ஹேச்சோ. இந்தியா முழுதும் சுற்றித் திரும்பியவர். 733 முதல் எட்டு ஆண்டுகள் ஆசானின் அருகிலேயே இருந்தார்.

மூன்றாமவர் அமோகவஜ்ரர். பல மொழி அறிந்தவர், மொழிபெயர்ப்பில் ஆசானுக்குத் துணையாக இருந்தவர். உயர்நிலைப் பாடத்தைக் கற்றுத் தரும்படி மூன்று ஆண்டுகள் கேட்டும் ஆசான் மனம் இரங்கவில்லை. மனம் உடைந்த மாணவர் இந்தியாவுக்கே போய்விட முடிவு செய்தார். அப்போது ஆசான் ஒரு கனவு கண்டார். தலைநகரின் புத்தர் சிலைகளெல்லாம் கிழக்கு நோக்கி நடந்தன. விழித்த ஆசான், எப்பேர்ப்பட்ட மாணவரை இழக்கப் பார்த்தோம் என்று உணர்ந்து எல்லாவற்றையும் கற்பித்தார்.

அரசவையில் அவர் பெயர் ஓங்கியது மழையால். வறட்சிக் காலத்தில் பேரரசர் கேட்டுக்கொள்ள அவர் வேண்டுதல் நடத்தினார், ஏழாம் நாள் பெருமழை பெய்தது என்று அவர் வரலாறு கூறுகிறது. அதே வரலாறு அவர் கைவிட வேண்டி வந்ததையும் மறைக்கவில்லை. பேரரசரின் 25-ஆவது மகள் நோயில் பேச்சற்றுக் கிடந்தாள். வஜ்ரபோதியின் சடங்குக்குப் பின் அவள் சிறிது நேரம் கண் விழித்துத் தந்தையோடு பேசினாள். பிறகு இறந்தாள்.

வெளியேறச் சொன்னார்கள்

இத்தனைக்கும் பிறகும் அவர் அந்த நாட்டுக்கு அயலார்தான். பேரரசரின் மனம் தாவோ சமயத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அதை அறிந்த அதிகாரிகள், வெளிநாட்டுத் துறவிகளை அவரவர் நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். புறப்படும் நாளும் நெருங்கியது.

வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்பது நம் காதுக்கும் புதிதான சொல் அல்ல. வஜ்ரபோதி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் கெஞ்சவில்லை. தாம் இந்தியத் துறவி, எல்லைப்புறத்து அயலினத்தார் அல்லர், ஆணை தம்மைக் கட்டாது, போகமாட்டேன் என்றார். இதில் ஒரு குறை இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியேற்றப்படும் மற்றவர்களுக்காக அவர் பேசவில்லை, தம்மை அவர்களிலிருந்து பிரித்துக் காட்டினார். சில நாள் கழித்து அவரே வட எல்லை நோக்கிப் புறப்பட ஆயத்தமாகிப் பேரரசரிடம் விடைபெற வந்தார். திடுக்கிட்ட பேரரசர் தம் கையால் ஆணை எழுதி அவரை இருத்திக்கொண்டார்.

ஆண்டுகள் ஓடின. 741-இல், எழுபது வயதில், தாய்நாடு திரும்ப அவருக்கு அனுமதி கிடைத்தது. சாங்ஆனிலிருந்து லுவோயாங் வரை வந்தார். அங்கே நோயில் விழுந்தார். அந்த ஆண்டு எட்டாம் மாதத்தில் உயிர் பிரிந்தது. ஊர் திரும்ப முடியாதவரை லுங்மன் மலைப் பகுதியில் அடக்கம் செய்து, தூபி எழுப்பினார்கள். 765-இல் பின்வந்த பேரரசர் ஒருவர் அவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்.

கடலில் போன நூல்

கதை அத்தோடு முடியவில்லை. ஆசான் மறைந்த அதே ஆண்டில், அவர் விருப்பப்படி அமோகவஜ்ரர் குவாங்சோவில் கப்பல் ஏறினார். ஆசான் வந்த கடல் வழியில் எதிர்த்திசையாகப் பயணம் செய்து இலங்கை சேர்ந்தார். 746-இல் 500-க்கும் மேற்பட்ட நூல்களோடு சீனா திரும்பினார். புயலில் ஒரு பிரதியை இழந்த ஆசானுக்கு மாணவர் செலுத்திய குருதட்சிணை அது.

அமோகவஜ்ரரின் மாணவர் ஹுய்குவோ. அவரிடம் 804-இல் சீனா வந்த கூகாய் என்ற ஜப்பானியத் துறவி கற்று, ஜப்பானில் ஷிங்கோன் மரபைத் தொடங்கினார். அந்த மரபு வணங்கும் எட்டு ஆசான்களில் வஜ்ரபோதியும் ஒருவர். ஜப்பானியக் கோயில்களில் இன்றும் அவர் உருவப்படம் உண்டு. காஞ்சியிலோ அவர் பெயரைச் சொல்ல அப்படியொரு கோயில் மரபு மிஞ்சவில்லை.

அதே கடலில்தான் நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்களிலும் பலர் திரும்பப் போக நினைத்து, போகாமலே இந்த மண்ணில் அடங்கினார்கள். அவர்கள் பெயரை எந்த அரசவையும் எழுதி வைக்கவில்லை. வஜ்ரபோதியின் பெயர் நிலைத்ததற்கும் அரசர் தந்த பட்டம் முதற்காரணம் அல்ல. சொன்னதைக் கேட்டு, எழுதி வைத்து, இழந்ததைத் தேடிக் கடல் தாண்டிய மாணவர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு எழுதி வைக்கும் வேலை நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்த முறை பொய்யாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, நான்கு அடி நடந்து குவான் யின் கோயில் வாசலிலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பொதிகைப் பக்கத்துக்காரர் ஒருவர் இந்த வழியாகப் பாடம் சொல்லப் போனது நினைவுக்கு வரும்.