பழம் பலகையில் வீடு கட்டிய ஞானி

ஹென்றி டேவிட் தோரோவை உலகம் தத்துவ ஞானி என்று போற்றுகிறது. வால்டன் குளக்கரையில் தனிமையில் வாழ்ந்தவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், அங்கே அவர் வாழ்ந்த வீட்டைத் தம் கையாலேயே கட்டினார் என்பதும், அதன் பலகைகள் வேறொரு குடும்பத்தின் குடிசையைப் பிரித்து எடுத்தவை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தோரோ 1817-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி அமெரிக்காவில், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்துக் காங்கார்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பென்சில் தயாரிப்பவர். ஹார்வர்டில் படித்து 1837-ல் பட்டம் பெற்ற மகன், அண்ணன் ஜானுடன் சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்தினார். 1842-ல் ஜானின் விரலில் சவரக் கத்தி பட்டது. அந்தச் சிறு காயம் ஜன்னியில் கொண்டுபோய் விட்டது. சில நாட்களில் அண்ணன் தம்பியின் கண்ணெதிரிலேயே இறந்தார். இருவரும் சேர்ந்து போன படகுப் பிரயாணத்தைப் புத்தகமாக எழுதவேண்டும் என்ற ஆசை தோரோவின் மனத்தில் வேரூன்றியது. அதற்கு அமைதியான ஓர் இடம் தேவைப்பட்டது. அவரைவிட மூத்தவரும் நண்பருமான எமர்ஸன் 1844-ல் வால்டன் குளக்கரையில் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். அங்கே வீடு கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

கடன் வாங்கிய கோடரி

1845 மார்ச் மாதக் கடைசியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தார். குளத்தில் பனிக்கட்டி இன்னும் முழுவதும் உருகவில்லை. நெடிதுயர்ந்த இளம் பைன் மரங்களை வெட்டி, முக்கியமான மரங்களை ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். சுவர்க்கால்களில் பெரும்பாலானவற்றை இரண்டு பக்கம் மட்டும் செதுக்கினார்; கைமரங்களையும் தரை விட்டங்களையும் ஒரு பக்கம் மட்டுமே. மற்றப் பக்கங்களில் பட்டை அப்படியே இருந்தது. வேலையும் மிச்சம், மரத்தின் வலுவும் குறையவில்லை. அந்த நாட்டுத் தச்சர்கள் வழிவழியாகச் செய்து வந்தபடி, துளையும் கழுந்துமாக மரத்தோடு மரத்தைப் பொருத்தினார். கோடரியைத் திருப்பிக் கொடுத்தபோது அது வாங்கியதைவிடக் கூர்மையாக இருந்ததாம்!

மரச்சட்டம் தயாராகிவிட்டது. ஆனால் சுவருக்கும் தரைக்கும் பலகை வேண்டுமே? காங்கார்டுக்கு அப்போதுதான் ரயில் வந்திருந்தது. பாதை போட வந்த ஐரிஷ் தொழிலாளர்கள் அங்கங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் காலின்ஸ் என்பவரின் குடிசையைத் தோரோ பார்க்கப் போனார். வீட்டுக்காரி விளக்கை ஏந்தி உள்ளே அழைத்துக் காட்டினாள். இருட்டு, ஈரம், மண் தரை. வெயிலில் முறுக்கேறியிருந்தாலும் கூரைதான் உருப்படியாக இருந்தது. 4 டாலர் 25 சென்டுக்குப் பேரம் முடிந்தது. பணத்தை அன்றிரவே கொடுத்துவிடவேண்டும். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குடும்பம் வெளியேறவேண்டும். ஆறு மணிக்குத் தோரோ வந்து ஒப்புக்கொள்வார்.

ஆறு மணிக்கு வழியிலேயே அவர்களைச் சந்தித்தார். சொத்து முழுவதும் ஒரே மூட்டையில் அடங்கியிருந்தது. பூனை மட்டும் கூட வரவில்லை. அது காட்டுக்குள் ஓடிப்போய், பிறகு ஒரு பொறியில் சிக்கி மாண்டதாகத் தோரோவே எழுதி வைத்திருக்கிறார்.

அன்றே அவர் குடிசையைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சிறு வண்டியில் குளக்கரைக்குக் கொண்டுபோய்ப் புல்லில் பரப்பினார். வெயில் பட்டுப் பலகை வெளுக்கும், கோணல் நிமிரும். அவர் வண்டியோடு போய்வரும் நேரம் பார்த்து, இன்னும் நேராக இருந்த ஆணிகளைப் பக்கத்துக் குடிசைக்காரர் ஒருவர் பைக்குள் போட்டுக்கொண்டார். பழம் பொருளுக்கும் அவ்வளவு மதிப்பு இருந்த காலம் அது!

அரை சென்ட் பிசகாத கணக்கு

மே மாதத் துவக்கத்தில் எமர்ஸன், ஆல்காட் போன்ற நண்பர்கள் கைகொடுக்க, மரச்சட்டம் நிமிர்ந்தது. ஜூலை 4-ந் தேதி, அமெரிக்கச் சுதந்திரத் திருநாளன்று, தோரோ குடியேறினார். அகலம் 10 அடி, நீளம் 15 அடி. குளிர்காலத்துக்கு முன் கணப்பும் புகைபோக்கியும் எழும்பின. அதற்கு வாங்கிய ஆயிரம் செங்கல்லும் பழையவை. ஒட்டியிருந்த காரையைக் கொல்லூற்றால் சுரண்டி எடுத்தார். இரண்டு ஜன்னல்களும் பழையவை. கழித்துப் போட்ட மர ஓடுகளே சுவரையும் கூரையையும் மூடின.

மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஹார்வர்டில் மாணவனின் அறைக்கு அப்போது ஆண்டு வாடகையே 30 டாலர்! சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட் என்பது வரை எழுதிய அந்தக் கணக்கில், விடியுமுன் மூட்டையோடு தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு மட்டும் பத்தி இல்லை. சிக்கனமாக வாழலாம் என்று உலகுக்குக் காட்டியவரின் வீடும், வேறொருவருடைய வறுமையிலிருந்து வந்த பலகையால் ஆனதுதான்.

அங்கிருந்த நாட்களில்தான், அடிமை முறையை ஆதரித்த அரசுக்குத் தலைவரி கொடுக்க மறுத்து, 1846-ல் ஓர் இரவு சிறையில் கழித்தார். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தைக் காந்தியடிகள் 1907-ல் தென்னாப்பிரிக்காவில் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டார்.

வீட்டின் மறுபிறவி

1847 செப்டம்பர் 6-ந் தேதி தோரோ குளக்கரையை விட்டார். வீடு எமர்ஸனிடம் போய், அவருடைய தோட்டக்காரரிடம் கைமாறியது. 1849-ல் ஒரு விவசாயக் குடும்பம் அதை ஊரின் மறுபுறம் கொண்டுபோய்த் தானியம் சேர்த்துவைக்கும் களஞ்சியமாக்கியது. அங்கே வாழ்ந்த கதையைச் சொல்லும் 'வால்டன்' புத்தகம் 1854-ல் வெளிவந்தபோது, அதன் வீட்டில் தானியம் இருந்தது!

காச நோயால் 1862 மே 6-ந் தேதி தோரோ மறைந்தார். வயது 44. ஆறு ஆண்டுக்குப் பின் வீடும் பிரிக்கப்பட்டது. கூரை பண்ணையின் புறக்கட்டடம் ஒன்றின்மேல் ஏறியது. 1945-ல் புகைபோக்கியின் அஸ்திவாரக் கற்கள் தோண்டி எடுக்கப்பட்ட பிறகே, வீடு நின்ற இடம் நிச்சயமாயிற்று. இன்று குளத்தருகே நிற்பது அதன் மாதிரி மட்டும்தான்.

கூலிக்காரர் குடிசையாய் இருந்த பலகை ஞானியின் சுவராயிற்று. பிறகு உழவரின் களஞ்சியமாயிற்று. தன்னால் ஆனமட்டும் ஒவ்வொருவருக்கும் அது நிழல் கொடுத்தது. காலின்ஸ் குடும்பம் எங்கே போயிற்று என்பதை மட்டும் தோரோவின் புத்தகம் சொல்லவில்லை.