கோபுரம் ஏறிய மேஜர்



நம்ம எலக்ட்ரானிக்ஸ் பிரிவுப் பசங்க நாலு பேர், ஊரில் இருக்கும் ஒரு ஹாம் ரேடியோ பெரியவரோடு சேர்ந்து போன வருஷம் குன்றின் மேல் ஒரு ரிப்பீட்டர் வைத்தோம். உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கி வெறும் 5 வாட் தான். நடுவில் ஒரு குன்றோ நாலு அடுக்குமாடியோ வந்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போகாது. அதனால் உயரமான இடத்தில் ஒரு ரிசீவரையும் ஒரு ட்ரான்ஸ்மிட்டரையும் வைத்து, ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்ப வேண்டும். ஹாம்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பேண்டில் இந்த இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். லைசென்ஸ் பெரியவருடையது. கேபிள் இழுத்ததும் பைப் சுமந்ததும் நாங்கள்.

முதல் நாள் ஆன் செய்ததும் ரிப்பீட்டர் தன் குரலாலேயே தன் காதை அடைத்துக்கொண்டது. ட்ரான்ஸ்மிட்டர் கிளம்பினால் பக்கத்து ரிசீவர் செவிடாகிவிடும். கேவிட்டி டியூப்ளெக்சர் என்ற உலோக உருளைகளை வைத்து, ஒவ்வொன்றாக ட்யூன் செய்து, அனுப்பும் அலையை ரிசீவர் பக்கம் வரவிடாமல் தடுப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டிலிருந்து நண்பன் பேசிய பேச்சு குன்று ஏறி இறங்கி ஹாஸ்டல் மொட்டை மாடியில் வந்து விழுந்தது. துளி இரைச்சல் இல்லை! பின்னால் கண்டக்டர் விசில் அடித்தது கூடக் கேட்டது. அன்றைக்கு வானத்தில் இடியும் மின்னலும் வேறு. இவ்வளவு சுத்தமாக எப்படி வருகிறது என்று கேட்டேன். பெரியவர் ஒரு பெயரைச் சொன்னார். எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் இல்லீங்க, இவர் வேற ஆள். அன்று முதல் இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தார். அம்மா டீச்சராக இருந்தவர். சின்ன வயதில் கொரியா என்ற நரம்பு நோய் வந்து, பையன் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. நோய் போய்விட்டது. ஆனால் பரபரப்பாகும் போதெல்லாம் தோளும் முகமும் வெட்டி இழுப்பது மட்டும் ஆயுள் முழுக்க நின்றுவிட்டது. கூட்டத்தில் அதிகம் கலக்காத பிள்ளை. குடும்பம் ஹட்சன் நதிக்கரையில் யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது. அந்த வீட்டின் மேல்மாடி அறைதான் அவருக்கு லேப்.

மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி உலகத்தையே கலக்கிய காலம் அது. தூரத்து சிக்னலைப் பிடிக்க ஆன்டெனா உயரமாக வேண்டும் என்று, 1910-ல் வீட்டுத் தோட்டத்திலேயே 125 அடி உயரக் கம்பம் ஒன்றை நட்டார் இந்தப் பையன். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து தன்னைத்தானே மேலே இழுத்துக்கொண்டு போய் வேலை செய்வாராம். நாங்கள் 30 அடி ஜி.ஐ. பைப்பை நிமிர்த்துவதற்குள் எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், 125 அடி என்பது விளையாட்டு இல்லை!

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல். தினமும் யாங்கர்ஸிலிருந்து சிவப்பு இந்தியன் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அப்போது லீ டி ஃபாரஸ்ட் என்பவர் கண்டுபிடித்த ஆடியான் என்ற மூன்று முனை வால்வு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது கண்டுபிடித்தவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் உட்கார்ந்து அளந்து பார்த்தார். பிளேட் சர்க்யூட்டில் பெரிதாகி வரும் சிக்னலில் ஒரு பங்கை மறுபடி கிரிட்டுக்கே ஊட்டினால் என்ன ஆகும் என்று 1912-ல் செய்து பார்த்தார். சிக்னல் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. இன்னும் கொஞ்சம் ஊட்டினால் வால்வு தானே அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டராக மாறியது. அதாவது ஒரே சர்க்யூட்டில் நல்ல ரிசீவரும் கிடைத்தது, ட்ரான்ஸ்மிட்டருக்கு வழியும் கிடைத்தது. நாம் இரண்டாம் வருஷத்தில் ஃபீட்பேக் என்று படிக்கிறோமே, அந்தப் பாடத்தில் பெரும் பகுதி இந்த 21 வயசுப் பையனின் மேல்மாடி அறையில் ஆரம்பித்தது.

பேட்டண்ட் வாங்கக் காசு வேண்டும். அப்பாவோ முதலில் டிகிரியை முடி என்று சொல்லிவிட்டார். (எந்த ஊர் அப்பாவும் அப்படித்தான் போலிருக்கிறது.) அதனால் சர்க்யூட் படத்தை மட்டும் 1913 ஜனவரி 31 அன்று ஒரு நோட்டரியிடம் கொடுத்துத் தேதி போட்டு முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். அக்டோபரில்தான் பேட்டண்டுக்கு மனு. அந்தச் சில மாதத் தாமதம் அவரை இருபது வருஷம் கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்து பாரிஸ் போனார். அங்கே 1918-ல் செய்ததுதான் சூப்பர் ஹெட்டரோடைன். வரும் அலை எந்த அலைவரிசையில் இருந்தாலும், அதை ஒரு நிலையான இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிவிட்டு அங்கே பெருக்குவது. வீட்டு ரேடியோவிலிருந்து வாக்கி டாக்கி வரை காலம் காலமாக ஓடியது இந்த முறைதான். மேஜர் பதவியோடு ஊர் திரும்பினார். நண்பர்களுக்கு அதற்குப்பிறகு எப்போதுமே அவர் மேஜர்தான்.

பணம் கொட்டியது. 1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 3,35,000 டாலருக்கு அவருடைய பேட்டண்டுகளை வாங்கியது. 1922-ல் இன்னொரு கண்டுபிடிப்பை ஆர்.சி.ஏ. கம்பெனிக்குக் கொடுத்ததில் ரொக்கத்தோடு ஏராளமான பங்குகளும் வந்தன. அந்தக் கம்பெனியின் முக்கியப் புள்ளி டேவிட் சார்னாஃப் அவருக்கு நெருங்கிய நண்பர். சார்னாஃபின் செக்ரெட்டரி மேரியன் மக்இன்னிஸ் மேல் மேஜருக்குக் காதல். 1923-ல் நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. புதிதாக எழுப்பிய ஆன்டெனா கோபுரத்தின் உச்சி வரை ஏறி, அங்கிருந்த இரும்பு உருண்டை மேல் நின்று போட்டோ பிடிக்கச் சொல்லி, அதை மேரியனுக்கு அனுப்பினார். சார்னாஃபுக்குக் கோபம் வந்து, இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டுவிட்டார். மேரியன் என்ன நினைத்தாரோ, அந்த வருஷம் டிசம்பரில் கல்யாணம் நடந்தது. கல்யாணப் பரிசாக மேஜர் கொடுத்தது தூக்கிச் செல்லும் சூப்பர் ஹெட்டரோடைன் ரேடியோ. நம்ம ஆளு நகைக்கடைப் பக்கம் போகவே இல்லை!

இனி கோர்ட் கதை. ஃபீட்பேக்கை முதலில் கண்டது நான்தான் என்று டி ஃபாரஸ்ட் வழக்குக்கு வந்தார். 1912 ஆகஸ்ட் மாதம் தன் லேபில் ஒரு சர்க்யூட் ஊளையிட்டதைக் குறித்து வைத்திருந்தது அவருக்குச் சாதகம். ஊளையை ஒழிப்பது எப்படி என்றுதான் அப்போது அவர்கள் பார்த்தார்கள். ஆனாலும் 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் முடிவாகத் தீர்ப்பு எழுதியது. ரேடியோ என்ஜினீயர்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பின் தொழில்நுட்ப விளக்கமே தப்பு என்று தோன்றியது. ரேடியோ என்ஜினீயர்கள் சங்கம் தன்னுடைய முதல் கௌரவப் பதக்கத்தை இதே கண்டுபிடிப்புக்காக ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்திருந்தது. அவர் பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டுக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் வேறு வேலையில் இறங்கியிருந்தார். அந்தக் காலத்து ரேடியோ முழுக்க ஏ.எம்., அதாவது அலையின் உயரத்தில் பேச்சை ஏற்றுவது. மின்னலும் மோட்டார் பொறியும் அதே உயரத்தைத்தான் கலைக்கின்றன. அதனால் கரகரப்பு. அலையின் உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் அதிர்வெண்ணில் பேச்சை ஏற்றினால்? ரிசீவரில் லிமிட்டர் வைத்து உயர வித்தியாசத்தை வெட்டி எறிந்துவிடலாம், இரைச்சலும் அதோடு போய்விடும். யோசனை பழையதுதான். ஆனால் அதனால் பிரயோஜனமில்லை என்று கணக்குப் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏனென்றால் எல்லோரும் அலைவரிசையின் அகலத்தைக் குறுக்கவே பார்த்தார்கள். மேஜர் தலைகீழாக அதை விரித்தார். 1933 டிசம்பர் 26-ல் பேட்டண்டுகள் கிடைத்தன. அதுதான் எஃப்.எம்., நம்ம பண்பலை.

எஃப்.எம்.முக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் பலமானது மற்றதை அமுக்கிவிடும், இரண்டும் கலந்து கத்தாது. எங்கள் குன்று ரிப்பீட்டருக்கு இது பெரிய உபகாரம். ரேடியோ நிலையங்கள் 75 கிலோஹெர்ட்ஸ் வரை இருபக்கமும் விரிக்கின்றன, நம்ம கைச் செட்டுகள் 5 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்கின்றன. தத்துவம் ஒன்றுதான்.

1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்த ஆர்.சி.ஏ. இடத்தில் சோதனை நடந்தது. சொன்னபடியே வேலை செய்தது. ஆனால் அடுத்த வருஷமே இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சார்னாஃபுக்கு டெலிவிஷன் மேல்தான் கண். தவிர ஏ.எம்.மில் அந்தக் கம்பெனி போட்ட முதலும் கொஞ்சமில்லை. அவர் பக்க நியாயமும் நியாயம்தான், வியாபாரி அப்படித்தான் பார்ப்பார்.

1935 நவம்பர் 5. நியூயார்க்கில் என்ஜினீயர்கள் கூட்டம். மேஜர் கட்டுரையை வாசித்து முடித்துவிட்டு, யாங்கர்ஸில் இருந்த ஒரு நண்பரின் சொந்த ஹாம் நிலையத்திலிருந்து வந்த எஃப்.எம். ஒலியைக் கேட்கச் செய்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் காகிதம் கிழியும் சத்தமும் பக்கத்தில் நடப்பதுபோல் வந்தன. பாருங்கள், உலகத்துக்கு எஃப்.எம்.மைக் காட்டியது பெரிய கம்பெனி நிலையம் இல்லை, ஒரு ஹாம் வீடு!

பிறகு சொந்தக் காசில் நியூஜெர்சியில் ஆல்பைன் என்ற ஊரில் 400 அடிக்கு மேல் ஒரு கோபுரமே கட்டினார். 1940 ஜனவரியில் யாங்கர்ஸ், ஆல்பைன் என்று தொடங்கி, ஐந்து மாநிலங்களில் ஐந்து நிலையங்கள், ஒன்று கேட்டதை அடுத்தது வானலையிலேயே வாங்கித் திருப்பி அனுப்பின. நடுவில் டெலிபோன் கம்பி கிடையாது. எங்கள் ரிப்பீட்டருக்கு அது பெரியப்பா முறை. அதே 1940-ல் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் கார்களில் டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் எஃப்.எம். இருவழி ரேடியோவைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் முதுகில் சுமந்த வாக்கி டாக்கியும் எஃப்.எம். போர் முடியும் வரை ராயல்ட்டி வேண்டாம் என்று ராணுவத்துக்குத் தன் பேட்டண்டுகளை இலவசமாக விட்டார் மேஜர்.

1940-ல் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் மொத்தமாகத் தருகிறோம், ராயல்ட்டி கேட்காதே என்றது. மற்ற கம்பெனிகள் ராயல்ட்டி கட்டும்போது இவர்களுக்கு மட்டும் எப்படி என்று மறுத்துவிட்டார். ஹாஸ்டலில் இதைப் பற்றி நாங்கள் ராத்திரி ஒரு மணி வரை சண்டை போட்டோம். வாங்கியிருக்கணும் என்றான் ரூம்மேட். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டியவர்களுக்குச் செய்கிற துரோகம் அது. ஆனால் அதற்குப்பிறகு நடந்ததைப் படித்தால் ரூம்மேட் பக்கம் மனசு சாய்வதும் உண்மை.

1945-ல் அமெரிக்க அரசு எஃப்.எம். ஒலிபரப்பை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து இன்றைய 88-108 பக்கம் மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான செட்டுகள் ஒரே உத்தரவில் வீண். 1948-ல் மேஜர் ஆர்.சி.ஏ. மேல் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் விசாரணையை வருஷக்கணக்கில் இழுத்தார்கள். நடுவே 1950-ல் முக்கியப் பேட்டண்டுகள் காலாவதியாகிவிட்டன. ஆராய்ச்சி நின்றது, சொத்து கரைந்தது. வீட்டில் பேச்சே வழக்குதான். 1953 நவம்பரில், தன்னிடம் இருக்கும் பணத்தை வைத்து ஓய்வெடுக்கலாம் என்ற பேச்சில் மூண்ட சண்டையில், கணப்பு கிளறும் கம்பியை ஓங்கி மேரியனின் கையில் அடித்துவிட்டார். அவர் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1954 ஜனவரி 31 இரவு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நோட்டரி முத்திரை வாங்கிய நாளிலிருந்து சரியாக 41 வருஷம்.

வழக்குகளை மேரியன் விடவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. 1940-ல் வேண்டாம் என்றாரே, ஏறக்குறைய அதே தொகை! மற்ற கம்பெனிகள் மேல் ஒவ்வொன்றாக ஜெயித்துக்கொண்டே வந்து, கடைசி வழக்கு முடிந்தது 1967-ல். அந்தக் கடைசிக் கம்பெனி மோட்டரோலா. நாங்கள் முதன்முதலில் பேசிப் பழகிய பழைய கைச் செட்டின் முகப்பில் இருந்த பெயர் அதுதான்.

ஆல்பைன் கோபுரம் விழவில்லை. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் இடிந்து அதன் உச்சியிலிருந்த ஆன்டெனாக்களும் போனபோது, நியூயார்க் டி.வி. நிலையங்கள் சில மேஜரின் கோபுரத்துக்குத்தான் ஓடின.

நம்ம குன்றின் ரிப்பீட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஐப்பசி மழையில் மேல் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது. அதைக் கழற்றி, சுற்றியிருக்கும் டேப்பை மாற்ற வேண்டும். கூட வர விருப்பமுள்ள இரண்டாமாண்டு தம்பி தங்கைகள் லேபில் பெயர் கொடுக்கலாம். கம்பம் ஏறுபவர் பெல்ட் இல்லாமல் ஏறக்கூடாது, உருண்டை மேல் நின்று போட்டோ எடுப்பதும் கிடையாது.