பல்கலைக்கழகத்தில் நமக்கொரு குரல்: அண்ணல் அம்பேத்கர் கண்ட வழி

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் எழும்பிய பின்னர், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கல்லூரி வாயிலை மிதித்துள்ளனர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்திற்கு இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அரசு உதவித்தொகை வந்து சேரவில்லை என்பதற்காக ஒரு கல்லூரி தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்தி வைத்தபோது, நம் மாணவர்கள் நால்வர் நேரே சங்க அலுவலகத்திற்கு வந்து நின்றனர். கல்லூரிக்குள் முறையிட மாணவர் பேரவை இல்லையா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களை எண்ணியே, அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில் பிறந்த பீமராவ், சதாராப் பள்ளியில் தனியே ஒரு கோணிச் சாக்கின்மீது அமர்ந்து படித்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பின்னர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் வடமொழி கற்க விரும்பினார். அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றார். இவற்றையெல்லாம் எடுத்துரைக்க ஒரு மன்றம் அச்சிறுவனுக்கு ஏது?

1912இல் பி.ஏ. பட்டம் பெற்று, பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்றார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அப்போதும் தண்ணீர்ப் பானை அவரை விட்டபாடில்லை. ஆசிரியர் அறைப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். கல்லூரிக்குள் நுழைவது வேறு, கல்லூரியில் சமமாக இருப்பது வேறு என்பதை இதனினும் தெளிவாக எவர் அறிந்திருக்க முடியும்? 1919இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது, தாழ்த்தப்பட்டோர்க்காக அவர்களே பேசவேண்டும் என்று வாதாடினார்.

இதே கொள்கையை அவர் பல்கலைக்கழகத்திற்கும் கொண்டு சென்றதைத்தான் நம் இளைஞர்கள் கருத்தூன்றிப் படிக்கவேண்டும். 1927இல் அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அவ்வாண்டே பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தது. செனட் சபையில் யார் யார் அமர்வது என்பது கேள்வி. கல்விக் கூடத்தில் சாதிக்கென்ன வேலை என்ற வாதம் அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பாடநூல், தேர்வு முதலியவற்றை நிபுணர் முடிவு செய்யட்டும். செனட் சபையோ மக்களின் தேவைகளை எடுத்துரைக்கும் இடம். அங்கே பின்தங்கியோர் இல்லையெனில் அவர்தம் தேவை எவர் செவியில் விழும் என்பது அவர் வாதத்தின் சாரம். பட்டதாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதெனில், விரல்விட்டு எண்ணத்தக்க பட்டதாரிகளை உடைய நம்மவர் எக்காலத்தும் வெல்லப்போவதில்லை. ஆகவே நியமனம் வேண்டும் என்றார். தேர்தலை வெறுத்து அன்று. தேர்தலில் நிற்கும் வலிமை வரும்வரையில் நமக்கொரு நாற்காலி வேண்டும் என்பதால்.

வாதாடியதோடு அவர் நின்றாரில்லை. 1925இலேயே சோலாப்பூரில் அவரது சபை மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1942இல் வைசிராய்க்கு அளித்த விண்ணப்பத்தில் நம்மவரின் உயர்கல்விக்கு நிதி கேட்டார். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் வந்தது. மேலே கூறிய நால்வரும் காத்திருந்தது இத்தொகைக்கே.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் திறந்தார். அக்கல்லூரி மாணவர்கள் தமக்கென ஒரு நாடாளுமன்றம் நடத்தினர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எனப் பிரிந்து விவாதிப்பது அதன் முறை. 1950 ஜனவரியில், நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்மாணவர் அவைக்கு வந்து இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை விளக்கினார். டில்லியில் அம்மசோதா நிறைவேறாது போகவே, 1951இல் பதவி துறந்தார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் பெயரைத் தாங்கிய அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் தோன்றி, அங்கு மாணவர் பேரவைத் தேர்தல்களிலும் நின்று வந்திருக்கிறது. 2006இல் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்சநீதிமன்றம் ஏற்றது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் அமைத்தல் வேண்டும். சூழ்நிலை ஒவ்வாத இடத்தில் முதலில் நியமித்து, ஐந்தாண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாறவேண்டும் என்பது அதன் பரிந்துரை. நம் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் இவற்றுள் எது நடக்கிறது என்பதை அவர்கள் முதல்வரிடம் எழுத்து மூலமாகக் கேட்கலாம். விண்ணப்பம் எழுதச் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் உதவி கிடைக்கும்.